உறவில்லாத காளைக்கு அலைந்த கதை

நாட்டு மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கடம்தான். பட்டியில் ஒரே பொலிகாளை. கிடாரிகள் எல்லாம் அதன் மகள்கள். மறுபடி அதனிடமே விட்டால் பிறக்கும் கன்றுக்கு உள்ளினச் சேர்க்கை, அதாவது தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே மரபு வந்து சேரும் அளவு, 25 சதவீதம். சினை பிடிப்பது தள்ளிப்போகும், நோஞ்சான் கன்றுகள் கூடும். அதனால் அதே இனத்தில், உறவில்லாத காளையின் உறைவிந்து வாங்கக் கிளம்பினேன்.

விண்ணப்பம், மாட்டின் காதில் மாட்டும் எண் அட்டை எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. உறைவிந்து அடைத்த குச்சியை வாங்கும் இடத்தில்தான் வம்பு. "நாட்டு மாடுதானே, எதுவானால் என்ன?" என்று வேறொரு இனத்துக் குச்சியை நீட்டினார் அங்கிருந்தவர். மறுத்ததும் கலப்பினம் போடச் சொல்லி ஓர் உபதேசம் வேறு. சரி, நான் கேட்டது எப்போது வரும்? அடுத்த வாரமாம். அடுத்த வாரம் போனால், குச்சிகளை உறைநிலையில் வைக்கும் திரவ நைட்ரஜன் வரவில்லை, இருக்கிற கொள்கலனைத் திறக்க மாட்டோம் என்றார்கள். மாடு பருவத்துக்கு வருவதோ 21 நாளுக்கு ஒருமுறை. அந்தச் சுற்று போயே போச்சு.

ஒருவழியாகக் குச்சி வந்தது. மேலே அச்சடித்திருந்த காளை எண்ணைச் சொல்லி, அதன் தாய் தகப்பன் விவரம் கேட்டேன். "இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?" என்று முனகிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார். பார்த்தால் அதுவும் என் காளையும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை! என் கிடாரிகளுக்குச் சித்தப்பா முறை. 25 சதவீதம் 6.25 ஆகும், உண்மைதான். அதற்கா இத்தனை அலைச்சல்? நகர மாட்டேன் என்று நின்றேன். அதே கொள்கலனின் அடியிலிருந்து, வேறு வம்சத்துக் காளையின் குச்சி வெளியே வந்தது. முதலிலேயே எடுத்திருக்கலாம், ஐயா!

வாங்கப் போகிறவர்கள் இனப் பெயரோடு நின்றுவிடாமல் காளை எண்ணையும் கேளுங்கள். உங்கள் மாடுகளின் தாய், தகப்பன், ஈன்ற தேதி எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் சித்தப்பா விஷயம் எனக்குத் தெரிந்தே இருக்காது. சினை ஊசி போடும்போது குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பக்கத்துப் பட்டிக்காரரோடு காளையை மாற்றிக்கொள்வது இதைவிடச் சுலபம். ஒரு காளைக்கு இருபது பசு என்றால், மரபுக் கணக்கில், அதாவது உறவுக் கலப்பு கூடும் வேகத்தில், அந்த மந்தை நாலு மாட்டுக்குச் சமம்தான். நாலைந்து பேர் சுற்றுமுறையில் மாற்றினால் நிலைமை மாறும். ஆனால் புருசெல்லோசிஸ் (கன்று வீச்சு நோய்) பரிசோதனை செய்யாமல் யார் காளையையும் உள்ளே விடாதீர்கள்.

சினை உறுதியாகிவிட்டது. பிறப்பது கிடாரியானால், அதற்கு வேறு எண் கேட்டு மறுபடி அவர் முன்னால்தான் நிற்கவேண்டும்.