நீர் வற்றும் நேரம்

கோலாலம்பூரில் இருந்துகொண்டு பூர்வக்குடிப் பிள்ளைகளுக்கான பண்பாட்டு முகாம்களை நடத்துவது என் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. தொடக்கத்தில் முகாம் என்றால் எனக்குக் கால அட்டவணைதான். காலை ஒன்பதுக்கு ஓலை பின்னுதல், பத்தரைக்குத் தேநீர், பதினொன்றுக்கு நடனம் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

முதல் மூன்று ஆண்டுகள் எல்லா முகாம்களும் நகரத்து மண்டபத்தில்தான் நடந்தன. சிலாங்கூர் கடலோரத்துக் கேரித் தீவிலிருந்து மா மெரி என்ற பூர்வக்குடி இனத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றி வருவோம். ஒரு நாள் கோம்பாக்கிலுள்ள ஓராங் அஸ்லி (பூர்வக்குடி) அருங்காட்சியகம். தங்கள் இனத்து முகமூடிகளைப் பிள்ளைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். கடைசி நாள் மேடை. ஓலை மகுடம் சூடித் தங்கள் மரபான ஜோ-ஓ நடனம் ஆடுவார்கள். நன்கொடையாளர்கள் படம் எடுப்பார்கள். மேடையை விட்டு இறங்கிய கையோடு மகுடத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். பள்ளி முடிந்து சீருடையைக் கழற்றி எறிவது போலவே இருக்கும். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நான்காம் ஆண்டு முகாமைத் தீவுக்கே கொண்டுபோனோம். கேரித் தீவு நமக்குப் புதிய இடமல்ல. முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த மண். என் பாட்டி அங்கே ரப்பர் மரத்தில் பால் சீவியவர். தோட்டத்து லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வீடுகளிலிருந்து மா மெரி கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, சைக்கிளிலேயே போய்விடலாம். அப்படியிருந்தும் அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ஓலையோடு வர வேண்டிய மூதாட்டி (எல்லோரும் நேனெக், அதாவது பாட்டி, என்றே அழைப்பார்கள்) வெறுங்கையோடு வந்து திண்ணையில் அமர்ந்தார். பத்தாயிற்று, பத்தரையாயிற்று, அவர் அசையவில்லை. நான் தவித்தேன். வேன் ஓட்டும் அண்ணன் அந்தத் தீவுத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மெல்ல என் அருகில் வந்து சொன்னார்: "டீச்சர், ஓலை தரும் நீப்பா பனை சேற்றில் வளர்கிறது. தண்ணீர் வற்றாமல் எப்படி இறங்குவது? பொறுங்கள்."

பதினொன்றரைக்கு நேனெக் எழுந்தார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். முழங்கால் சேற்றில் நின்று, எந்தக் குருத்தை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் காட்டிக்கொண்டே போனார். விரியாத இளங்குருத்துதான் மடிக்க வளையும், முதிர்ந்தது முறிந்துவிடும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஏதோ முணுமுணுத்தார். பிள்ளைகளும் கூடவே முணுமுணுத்தார்கள். மண்டபத்தில் அந்தப் பிள்ளைகள் இப்படி வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. மாலைவரை ஒரு மகுடம்கூடப் பின்னவில்லை. அன்றைய அறிக்கையில் 'செயல்பாடு நிறைவேறவில்லை' என்று எழுதினேன். என் பணிவாழ்வில் நான் எழுதிய மிகத் தவறான வரி அதுதான்.

மறுநாள் பின்னத் தொடங்கினோம். தென்னை ஓலையில் வெட்டுக்கிளி செய்ய என் பாட்டி எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்தத் துணிவில் நானும் ஒரு கீற்றை எடுத்து மடித்தேன். பக்கத்தில் இருந்த பத்து வயதுச் சிறுமி என் கையைப் பார்த்தாள். பேசாமல் ஓலையை வாங்கி மூன்று மடிப்பைப் பிரித்தாள். நரம்பை நகத்தால் கீறி உருவிப் போட்டாள். ஓலையின் பளபளப்பான பக்கம் உள்ளே போகும்படி திருப்பி, மீண்டும் என் விரல்களுக்குள் வைத்தாள். பிறகு தன் மொழியில் ஒரு சொல் சொன்னாள்; நான் திருப்பிச் சொன்னேன். தவறு. மீண்டும் சொன்னாள். ஐந்தாவது முறைதான் தலையசைத்தாள். பள்ளியில் அவள் வாயே திறப்பதில்லை என்று அவளுடைய முகாம் படிவத்தில் எழுதியிருந்தது.

2015 ஆகஸ்ட்டில் கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங்கில், தண்டனைக்கு அஞ்சி விடுதிப் பள்ளியை விட்டுக் காட்டுக்குள் ஓடிய ஏழு பூர்வக்குடிப் பிள்ளைகளில் இருவர்தான் உயிரோடு கிடைத்தார்கள். அதுவும் 47 நாட்களுக்குப் பிறகு. அதன்பின் வாய் திறக்காத ஒரு பிள்ளையை 'மந்தம்' என்று யாராவது சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

முகாம் ஆண்டுக்கு ஐந்து நாள். பள்ளியோ ஆண்டு முழுவதும். முன்னோருக்குப் படையலிடும் ஹரி மோயாங் திருநாள் பள்ளி நாளில் வந்தால், வராத பிள்ளையின் பெயருக்கு நேரே காரணமின்றி வரவில்லை என்று குறிப்பதை ஒரு பள்ளியில் என் கண்ணால் பார்த்தேன். தீபாவளிக்கு விடுமுறை வாங்கிய நமக்கு இது வலிக்க வேண்டும்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வேண்டும். பூர்வக்குடி மொழிகளுக்கும் அதே 15தான். ஆனால் 'நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால்' என்று ஒரு நிபந்தனை கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. செமாய் என்ற இன்னொரு பூர்வக்குடி மொழி சில பள்ளிகளில் பாடமாக வந்துவிட்டது. மா மெரிக்கும் வரவேண்டும் என்று நான் நினைக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். தாய்மொழியில் முதல் எழுத்தை எழுதுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

இப்போது கம்பத்தில் வீடு வீடாகப் போகிறோம். மா மெரி பாடம் கேட்கும் மனுத்தாளை நான் பிடித்துக்கொள்வேன், பேசுவது நேனெக்தான். போன ஞாயிறுவரை 11 பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மீதி நான்கு பேரில் இருவர் மீன்பிடிக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கேட்டேன். நேனெக் திண்ணையிலிருந்தே ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு, நீர் ஏறட்டும் என்றார்.