67-க்கும் 65-க்கும் நடுவில்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வலது கை தோள் வரை எழும்பும், விரல் மட்டும் பிரியவே பிரியாது. அப்போதுதான் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். எட்டு வடிவக் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, ஒருவர் தலையில் வைக்கிறார்கள், டக் டக் என்று சத்தம், அடுத்த காட்சியில் அந்த ஆள் டம்ளரைத் தூக்குகிறார். ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை. அப்பா அதை அன்றைக்கே பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். "எனக்கும் இதை வெச்சுப் பார்க்கலாமாம்மா?"

சரி என்று படிக்க உட்கார்ந்தேன்.

டிஎம்எஸ் என்கிற, காந்தத்தால் மூளையைத் தூண்டும் இந்த முறையை 1985-இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடன் இருந்தவர்களும் செய்து காட்டினார்கள். காயிலில் மின்சாரம் கண நேரம் பாய, காந்தப்புலம் எழும்பி மண்டை ஓட்டைத் தாண்டி, மூளையின் மேற்பரப்பில் சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. கையை இயக்கும் இடத்துக்கு நேராக வைத்தால் நாம் நினைக்காமலே கட்டைவிரல் துள்ளும். டிடிசிஎஸ் என்று இன்னொன்று இருக்கிறது, தலையில் வைத்த, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வழியாக மெல்லிய மின்சாரம், பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர், அவ்வளவுதான். (பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்யலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம்.)

இதற்குச் சொல்லப்படும் காரணம் கேட்க அழகாக இருக்கும். மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கி வைத்துக்கொண்டே வேலை செய்கின்றன. ஒரு பக்கம் அடிபட்டால் நல்ல பக்கம் ஓங்கிவிடுகிறது, அடிபட்டதை எழும்பவே விடுவதில்லை. ஆகவே நல்ல பக்கத்தை நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் தட்டி அமைதிப்படுத்து, இல்லையென்றால் அடிபட்ட பக்கத்தை நொடிக்கு 5 துடிப்பு அல்லது அதற்கு மேல் தட்டி எழுப்பு. சீசா மாதிரி. ஆனால் சேதம் பெரிதாக இருப்பவர்களுக்கு அந்த நல்ல பக்கம்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அதைப் போய் அடக்கினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுத முடியாது என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் நிச் என்ற ஆய்வு கண்ணில் பட்டது. 2018-இல் வெளியானது. அமெரிக்காவில் 199 பேர், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆனவர்கள், கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருந்தவர்கள். 6 வாரத்தில் 18 தடவை. ஒரு குழுவுக்கு நிஜத் தூண்டல், இன்னொரு குழுவுக்கு வெறும் சத்தம் போடும் போலி, இரண்டு குழுவுக்கும் ஒரே கைப்பயிற்சி. கை எவ்வளவு அசைகிறது என்று பார்த்து 66-க்கு மதிப்பெண் போடும் ஃபூகல் மேயர் அளவில் 5 புள்ளியாவது முன்னேறியவர்கள் நிஜத்தில் 67 சதவீதம், போலியில் 65 சதவீதம்.

முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் கழித்து அதே எண்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் அந்த 65 கண்ணில் நின்றது. போலிக் காயிலே லேசாக வேலை செய்திருக்குமோ என்ற சந்தேகம் இருக்கிறது, பயிற்சியே இல்லாத மூன்றாவது குழு ஒன்றும் இல்லை, அதெல்லாம் சரி. ஆனாலும் மாதக்கணக்கில் ஆன பிறகு மூன்றில் இரண்டு பேருக்குக் கை முன்னேறியிருக்கிறது! எங்களுக்குப் பார்த்த டாக்டரோ "ஆறு மாசத்துக்குள்ள வந்ததுதான், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நாங்கள் பயிற்சியை வாரம் ஒரு நாளாகக் குறைத்திருந்தோம்.

டிடிசிஎஸ்ஸிலும் இதே கதைதான். 129 பேரை மூன்றாகப் பிரித்து 0, 2, 4 மில்லி ஆம்பியர் கொடுத்து, நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பலவீனமான கையை வேலை வாங்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். குழுக்களுக்குள் வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரிகிறதே என்றால், தெரிகிறதுதான், பெரிதாகச் செய்யும்போது நிற்க மாட்டேன் என்கிறது. இந்தக் காந்தத்துக்கு வேறொரு உபயோகம் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது: பக்கவாதம் வந்த முதல் வாரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் கைத்தசையில் பதில் வருகிறதா என்று பார்க்கலாம். பதில் வந்தால் மூளையிலிருந்து கைக்குப் போகும் பாதை அறுபடவில்லை, கை திரும்ப வாய்ப்பு அதிகம்.

தலைக்குள் உலோகமோ, காது கேட்பதற்காகப் பொருத்திய காக்ளியர் கருவியோ, வலிப்பு வந்த வரலாறோ இருந்தால் காயிலை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு அதெல்லாம் இல்லை. அதனால் ஓர் இடத்தில் விசாரித்தேன். தூண்டல் முடிந்த கையோடு பயிற்சி உண்டா என்று கேட்டேன், மூளை இளகியிருக்கும் அந்த நேரத்தில் கையை வேலை வாங்கத்தானே இவ்வளவும். "இல்லைங்க, இருபது நிமிஷம் உட்கார்ந்துட்டு வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். நன்றி சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அப்பாவுக்குக் கோபம், ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிசியோதெரபிஸ்ட் இப்போது வாரம் நான்கு நாள் வருகிறார், துணி கிளிப் ஒரு டப்பா நிறையக் கொடுத்திருக்கிறார். போன வாரத்திலிருந்து சுட்டுவிரல் தனியாகப் பிரிகிறது. மோதிர விரல் இன்னும் மடங்கித்தான் கிடக்கிறது.