கயாக்கில் சிங்கி இறால் பிடிக்க இரண்டு வலை போதும்

அக்டோபர் நெருங்கினால் சான் டியாகோவில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைகளில் சிங்கி இறால் பிடிக்கிற ஹூப் நெட்டை, அதாவது வளைய வலையை, அடுக்கடுக்காகக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஐந்து வலை வரை போடலாம் என்று கலிபோர்னியா சட்டம் அனுமதிக்கிறது, அதனால் புதிதாக வருகிறவர்கள் ஐந்தையும் வாங்கிக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகின் பின்பக்கம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் சீசனுக்கு இரண்டே வலை போதும். இடம் பத்தாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

ஹூப் நெட் பொறி கிடையாது, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வளையத்தில் கோத்த வலைப்பை, நடுவில் இரை வைக்கிற சின்னக் கூண்டு, மேலே கயிறு, கயிற்றின் முனையில் மிதவை, அவ்வளவுதான். கடலடியில் அது விரித்துப் போட்ட மாதிரி கிடக்கும், சிங்கி இறால் நடந்து வந்து இரையைச் சுரண்டித் தின்னும், போதும் என்றால் அதுபாட்டுக்கு இறங்கிப் போய்விடும். நாம் இழுக்கிற அந்த நேரத்தில் வளையம் மேலேறி வலை ஆழமான பையாக ஆகிறதே, பிடிப்பது என்பது அது மட்டும்தான். அதனால் எத்தனை வலை போட்டோம் என்பதைவிட ஒரு வலையை எப்படித் தூக்கினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரிய படகில் நின்றுகொண்டு இழுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. கயாக்கில் உட்கார்ந்துகொண்டு செய்ய வேண்டும். மிதவையைப் பிடித்ததும் இழுத்துவிடக் கூடாது. தொய்வாக இருக்கும் கயிற்றை மட்டும் மெல்லச் சேர்த்துக்கொண்டே வந்தால் கயாக் தானாக வலைக்கு நேர் மேலே போய் நிற்கும், கயிறு செங்குத்தாக நிற்பது கையில் தெரியும். அப்போது ஒரே வெடுக்கு. அதன்பிறகு நிறுத்தாமல் கை மாற்றிக் கை மாற்றி மேலே வரும்வரை இழுக்க வேண்டும். நடுவில் ஒரு மூச்சு விட்டால் வலை தளர்ந்துவிடும், சிங்கி வாலை மடக்கி அடித்துப் பின்பக்கமாகவே பாய்ந்து ஓடிவிடும். இழுக்கிற ஈரக் கயிறு மடியில் குவியும், காலைச் சுற்றும். முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து அதற்குள் விழவிடுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் சாய்க்காமல் முழங்காலுக்கு முன்னால் இழுப்பது நல்லது. இத்தனையையும் இருட்டில், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், கயாக் ஆடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும் என்பதால்தான் இரண்டு வலை என்கிறேன்.

இருட்டில் போவதற்குக் காரணம், பகலில் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடக்கிற சிங்கி ராத்திரியில்தான் மேய வெளியே வரும். கற்கள் கொட்டிய அலைத்தடுப்பும் மணலும் சேர்கிற ஓரம், கெல்ப் பாசி முடிகிற விளிம்பு, இவைதான் வலை போட வேண்டிய இடங்கள். பாறை மேலேயே போட்டால் வலை சிக்கும், சாய்ந்து நிற்கும். மிஷன் பே, சான் டியாகோ வளைகுடா மாதிரி அலை அடங்கிய இடங்களில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம், ஆனால் வளைகுடாவில் கடற்படைக் கப்பல் பக்கம் 100 கஜத்துக்குள் போகக் கூடாது. லா ஹோயா போன்ற இடங்களில் பாதுகாக்கப்பட்ட கடல்பகுதிகள் இருக்கின்றன. லா ஹோயாவில் இருக்கிற ‘மத்லாஹுவாயில்’ என்ற பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்குள் எதையுமே எடுக்கக் கூடாது. வரைபடத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

இரைக்கு அயிலை, மத்தி, சால்மன் தலை எது கிடைத்தாலும் சரி, எண்ணெய்ப் பசையும் வாடையும் இருந்தால் போதும். கூண்டில் அடைக்காமல் சும்மா கட்டிவிட்டால் கடல்சிங்கம் வந்து விருந்து சாப்பிட்டுப் போகும்.

மேலே வந்ததும் கையுறையோடு முதுகு ஓட்டைப் பிடிக்க வேண்டும். மீசையைப் பிடித்தால் ஒடிந்து கையோடு வரும். அமெரிக்காவின் மெயின் (Maine) மாநில லாப்ஸ்டருக்கு இருக்கிற பெரிய கொடுக்கு இதற்குக் கிடையாது, மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற நம் ஊர்ச் சிங்கியின் குடும்பம்தான், ஆனால் உடம்பெல்லாம் முள், வாலடியும் பலமாக இருக்கும். பிடித்தால் மீசையின் அடியைத் தேய்த்துக் கறகறவென்று ஒரு சத்தம் போடும், முதல்தடவை கேட்கிறவர்கள் கையை விட்டுவிடுவார்கள்! அளவுகோல் கையோடு இருந்தே ஆக வேண்டும். இரண்டு கொம்புகளுக்கு நடுவே கண்குழியின் பின்விளிம்பில் ஒரு முனையை வைத்து, முதுகு ஓட்டின் பின்விளிம்பு வரை நேர்கோட்டில் பாருங்கள்: கோலின் நீளம் 3¼ அங்குலம். கோல் ஓட்டுக்குள் அடங்கினால் வைத்துக்கொள்ளலாம், ஓட்டைத் தாண்டி நீண்டால் அந்த நிமிடமே தண்ணீரில் விட வேண்டும். பார்த்தால் பெரிதாகத்தானே இருக்கிறது என்ற கதையெல்லாம் சோதிக்க வருகிற மீன்வளத்துறை வார்டனிடம் செல்லாது. ஒரு நாளைக்கு 7, அதற்கு மேல் கூடாது. வாலை மட்டும் ஒடித்து எடுத்துக்கொண்டு கரைக்கு வருவதும் குற்றம்.

வலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நான் அரை மணிக்கு மேல் விடுவதில்லை, தின்று முடித்துப் போகிற சிங்கிக்கு நாம் ஏன் இரை வாங்க வேண்டும்? மிதவையில் உங்கள் மீன்பிடி உரிமத்தில் இருக்கிற ஜி.ஓ. ஐ.டி. எண் எழுதியிருக்க வேண்டும், கூடவே ஒரு ஒளிக்குச்சி கட்டினால் தேடி அலைய வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் கட்டி வைக்காதீர்கள். வெள்ளை விளக்கும், இரவில் ஆபத்தென்று காட்டுகிற சிக்னலும் கயாக்குக்கும் கட்டாயம். மோட்டார் படகில் வருகிறவர் கண்ணுக்கு விளக்கில்லாத கயாக் தெரியவே தெரியாது. தனியாகப் போகாதீர்கள்.

காகித வேலையும் உண்டு. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம், அதோடு வயது வித்தியாசம் இல்லாமல் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் ஸ்பைனி லாப்ஸ்டர் ரிப்போர்ட் கார்டு, அதாவது சிங்கி பிடித்த கணக்கை எழுதுகிற அட்டை. வலை போடுவதற்கு முன்பே தேதியும் இடமும் அதில் எழுதிவிட வேண்டும், முடித்ததும் எத்தனை வைத்துக்கொண்டீர்கள் என்பதையும். சீசன் மார்ச்சில் முடியும், ஏப்ரல் 30க்குள் கணக்குக் கொடுத்துவிடுங்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றாலும் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷக் கார்டு வாங்கப் போகும்போது தனியாகக் காசு கேட்பார்கள்.