கொழும்பில் ஒரு ரேஸ் பின்னேரம்: அட்டையை வாசித்துக் குதிரையைத் தேர்வது

கொழும்பில் இப்போது குதிரைகள் ஓடுவதில்லை. ஓடுவது இங்கிலாந்தில்; பந்தயம் கட்டுவது மட்டும் இங்கே. சந்திக்குப் பக்கத்தில் ஒரு ரேஸ் புக்கி கடை, உள்ளே தொலைக்காட்சி, சுவரில் அன்றைய ரேஸுகளையும் குதிரைகளின் விவரங்களையும் தரும் அட்டை, பேனையும் கையுமாய் நிற்கும் ஆட்கள். ரேஸ் தெரிந்தவர்களுக்கு இந்த நகரம் பின்னேரம்தான் விழிக்கும்.

அதற்கு முன் பகலில் கறுவாத்தோட்டத்துப் பழைய ரேஸ்கோர்ஸைப் பார்த்துவிடுங்கள். பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தை வழியாகத் தும்முல்லைக்கு ஓட்டோ பிடித்தால் ரீட் அவெனியூ பக்கத்தில்தான். காலிமுகத்திடல் பக்கம் நடந்த ரேஸ் 1893இல் இங்கே வந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தத் திடல் விமான ஓடுபாதையாக மாறியது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, எதிர்த்துப் பறந்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்களில் ஒரு பகுதி எழும்பியது இங்கிருந்துதான். இப்போது பார்வையாளர் மேடையில் கடைகளும் உணவகங்களும், திடலில் ரக்பியும். அந்த மேடையில் இருந்தவர்களுக்குக் குதிரையின் நடை, வியர்வை, காது எல்லாம் கண்முன்னே தெரிந்தன. இன்று கடையில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை, அட்டைதான் கண். ஆகவே அட்டையை ஒழுங்காக வாசிக்க வேண்டும்.

முதலில் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்து நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை. அங்கே பகல் 1.30க்கு முதல் ரேஸ் என்றால் கோடையில் இங்கே 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி. கெம்ப்டன், வுல்வர்ஹாம்ப்டன் போன்ற இடங்களில் விளக்கொளியில் நடக்கும் இரவு ரேஸுகள் நமக்கு நடுச்சாமத்தைத் தாண்டும். காலையில் கையில் கிடைக்கும் அட்டையை வைத்து முடிவெடுப்பதுதான் பலர் விடும் பிழை. கோடை மாதங்களில் இங்கே பகல் 12 மணி அங்கே காலை 7.30. தரையின் புது நிலவரமும், எந்தக் குதிரை விலகியது என்ற செய்தியும் அதையொட்டித்தான் வரத் தொடங்கும். இரவு மழை பெய்து தரை 'குட்'டிலிருந்து (நல்ல தரை) 'சொஃப்ட்'டுக்கு (ஈரத்தால் இளகிய தரை) மாறியிருந்தால் காலையில் போட்ட கணக்கு முழுதும் வீண்.

அடுத்தது, எந்த ரேஸை விடுவது. குதிரையைத் தேர்வதை விட இது முக்கியம். முன்பு ஓடியே இராத இரண்டு வயதுக் குதிரைகள் நிறைந்த ரேஸில் வாசிக்க ஒன்றும் இல்லை, விடுங்கள். இருபதுக்கு மேல் குதிரைகள் ஓடும் 5, 6 பர்லாங் (8 பர்லாங் ஒரு மைல்) ரேஸில் நல்ல குதிரையும் வழி கிடைக்காமல் மாட்டிக்கொள்ளும், அதையும் விடலாம். 8 முதல் 12 குதிரைகள், எல்லாம் பலமுறை ஓடியவை, தூரம் ஒரு மைலுக்குக் குறையாத ஹேண்டிகாப், அதாவது திறமைக்கேற்பக் குதிரைகளுக்கு எடை ஏற்றும் ரேஸ். நேரத்தைச் செலவழிக்கத் தகுந்தது அதுதான். ஒரு நாள் அட்டையில் அப்படி இரண்டு ரேஸ் கிடைத்தால் போதும்.

குதிரையின் பெயர்ப் பக்கத்தில் உள்ள இலக்கங்களை வலப்பக்கமிருந்து வாசிக்க வேண்டும். 0/31-42 என்றிருந்தால் கடைசி ஓட்டத்தில் இரண்டாமிடம், அதற்கு முன் நான்காமிடம். சிறுகோட்டுக்கு அப்பால் போன சீசன்: ஒரு வெற்றி, ஒரு மூன்றாமிடம். சாய்கோடு அதைவிட நீண்ட இடைவெளியைக் காட்டும். 0 என்றால் பத்தாவதோ அதற்கும் பின்னாலோ. தடை தாண்டும் ரேஸில் 'எஃப்' என்றால் விழுந்தது, 'யு' என்றால் ஜொக்கியை (ஓட்டுநரை) விழுத்தியது, 'பி' என்றால் நடுவில் நிறுத்தப்பட்டது. ஆனால் இலக்கம் பாதிக்கதைதான் சொல்லும். வலுவான ரேஸில் வந்த ஐந்தாமிடம், சோப்பிளாங்கி ரேஸில் வந்த முதலிடத்தை விடப் பெறுமதியானது. அந்த ஓட்டம் எந்த வகுப்பில், எந்தத் தரையில், எத்தனை பர்லாங்கில் என்று பார்க்காமல் இலக்கத்தை நம்பாதீர்கள். 'சி' எழுத்து இதே மைதானத்தில் வென்றதையும் 'டி' இதே தூரத்தில் வென்றதையும் குறிக்கும். செஸ்டர் போன்ற மைதானத்தில் 'சி'க்கு மதிப்பு மிக அதிகம். அது ஒரு மைலுக்குச் சற்றுக் கூடிய சுற்று, இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். உள்வேலிக்கு அருகில் தொடங்கும் குதிரைக்கு, அதிலும் 5 பர்லாங் ரேஸில், அனுகூலம் கூட.

இனி எடை. குதிரையின் திறமைக்குத் தரும் புள்ளிதான் ரேட்டிங்; ஹேண்டிகாப்பில் ஒரு புள்ளிக்கு ஒரு இறாத்தல். 85 ரேட்டிங் குதிரை 9 ஸ்டோன் 7 சுமந்தால் 78 ரேட்டிங் குதிரை 9 ஸ்டோன் சுமக்கும். 14 இறாத்தல் ஒரு ஸ்டோன். அந்த எடை தூரத்தில் எவ்வளவு என்பதற்கு வழக்கமான கணக்கு உண்டு: 5 பர்லாங்கில் ஒரு குதிரை நீளத்துக்கு 3 இறாத்தல், ஒரு மைலில் 2, ஒன்றரை மைலில் ஒன்றரை, இரண்டு மைலில் 1. போன தடவை ஒரு மைலில் 2 நீளத்தால் தோற்ற குதிரைக்கு, வென்றதை விட இன்று 6 இறாத்தல் சாதகமாக மாறியிருந்தால், தாளில் அது ஒரு நீளம் முன்னுக்கு வரும். பயிற்சி ஜொக்கிகளுக்கு 3, 5, 7 இறாத்தல் தள்ளுபடி உண்டு, அதையும் கழியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் பெனல்டி, அதாவது வென்ற குதிரைக்கு ஏற்றும் மேலதிக எடை. ரேட்டிங்குகள் செவ்வாய்க்கிழமை புதுப்பிக்கப்படும். சனிக்கிழமை இலகுவாக வென்ற குதிரை திங்களன்றே மறுபடி ஓடினால், புது ரேட்டிங் வருமுன் ஐந்தோ ஆறோ இறாத்தல் பெனல்டியுடன் தப்பிக்கும். செவ்வாயன்று அதற்கு 9 கூடும் என்று தோன்றினால், வித்தியாசம் குதிரையின் பக்கம். ஆனால் இரண்டு நாளில் களைப்புத் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி.

வேகத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. முன்னால் ஓடும் பழக்கமுள்ள குதிரை ஒன்றே ஒன்று என்றால் அது தன் விருப்பப்படி ஓடி, கடைசி இரண்டு பர்லாங்குக்கு மூச்சை மிச்சம் வைத்திருக்கும். மூன்று என்றால் மூன்றும் ஒன்றையொன்று தின்னும். பின்னாலிருந்து வருவது வெல்லும். கடந்த ஓட்டங்களின் குறிப்பில் 'முன்னிலை வகித்தது' என்ற சொல் யாருக்கு எத்தனை தரம் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

விலை கடைசியில்தான். 5க்கு 2 (2 கட்டினால் 5 இலாபம்) என்ற விலை, ஏழு ஓட்டத்தில் இரண்டு வெற்றி, அதாவது 28.6 வீதம் என்று சொல்கிறது. உங்கள் கணிப்பு அதை விடக் குறைவென்றால் பிடித்த குதிரையாயினும் விடுங்கள். ஈச் வே (வெற்றிக்கு ஒன்று, முன்னிடங்களுக்கு ஒன்று என இரட்டைப் பந்தயம்) கட்டுவோர் கவனிக்க: 1,000 ரூபா ஈச் வே என்றால் கையிலிருந்து போவது 2,000. எட்டு முதல் பதினொரு குதிரைகள் வரை ஓடும் ரேஸில் இங்கிலாந்து வழக்கப்படி முதல் மூன்று இடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை. 10க்கு 1 குதிரை மூன்றாவதாக வந்தால் 3,000 திரும்பும். 3க்கு 1 குதிரை மூன்றாவதாக வந்தால் 1,600தான், 400 நட்டம். விலை குறைந்த குதிரைக்கு ஈச் வே கட்டாதீர்கள். பந்தயம் கட்டிய பின் 2க்கு 1 விலையில் இருந்த குதிரை விலகினால், அங்குள்ள நாலாம் விதிப்படி உங்கள் இலாபத்தில் 30 வீதம் வெட்டப்படும். இந்த விதிகள் கொழும்புக் கடைக்குக் கடை வேறுபடலாம். பிளேஸ் (பணம் கிடைக்கும் இடங்கள்) எத்தனை, கழிவு எவ்வளவு, கட்டும்போது பலகையில் உள்ள விலையா ரேஸ் தொடங்கும்போதுள்ள விலையா என்று காசு நீட்டுமுன் கேளுங்கள். துண்டில் மைதானம், நேரம், குதிரையின் பெயர் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள்.

உயிருள்ள குதிரையைப் பார்க்க ஆசையிருந்தால் ஏப்ரல் சீசனுக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுங்கள். அங்கே அட்டையை மடித்துவிட்டு, ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பெடொக்குக்குப் போங்கள். பின்தொடைகளுக்கிடையில் நுரைத்த வியர்வை, ஓட்டிப்போகும் பையனை இழுத்தடிக்கும் தலை, சுருங்கிய வயிறு இவற்றில் இரண்டைக் கண்டால், அட்டை என்ன சொன்னாலும் அந்தக் குதிரையின் பெயரை வெட்டிவிடலாம்.