19 வருடம் ஒரு வழக்கு, 2 வருடத்துக்கு ஒரு தேர்தல்

டேவ் ரைக்கர்ட் என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் அரசியல்வாதி. 1971 முதல் 1976 வரை விமானப்படை ரிசர்வ், 1972இல் கிங் கவுண்டி (சியாட்டில் அடங்கிய மாவட்டம்) ஷெரிஃப் அலுவலகம், அதாவது மாவட்டப் போலீஸ், 2005இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை. படை வாழ்க்கை சின்னது. எனக்கு சுவாரஸ்யம் அவருடைய போலீஸ் காலம்தான்.

1982 ஆகஸ்ட் 15 அன்று கிரீன் ரிவர் ஆற்றங்கரையில் ஒரே நாளில் மூன்று பெண்களின் உடல்கள் கிடைத்தன. வழக்கு 31 வயது ரைக்கர்ட்டின் கைக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக இன்னும் பல உடல்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், பலர் பதின்வயதினர், வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள், சாலையோரம் பாலியல் தொழிலில் இருந்தவர்கள். இப்படிப்பட்டவர்கள் காணாமல் போனால் எந்த ஊரும் பெரிதாகப் பதறுவதில்லை. 1984இல் புளோரிடா சிறைக்குப் போய், மரண தண்டனைக் கைதியாக இருந்த தொடர்கொலைகாரன் டெட் பண்டியிடம்கூட இவரும் புலனாய்வாளர் ராபர்ட் கெப்பலும் யோசனை கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு திணறல்.

கேரி ரிட்ஜ்வே 1983லேயே சந்தேகப் பட்டியலில் இருந்தவன்தான். லாரித் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிப்பவன். 1984இல் பொய் கண்டறியும் சோதனையில் தேறிவிட்டான். 1987இல் அவன் வீட்டைச் சோதனை போட்டபோது அவன் எச்சிலைச் சோதனைக்கு எடுத்தார்கள், அன்றைய ஆய்வகத்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆனாலும் அதைத் தூக்கிப்போடாமல் பத்திரப்படுத்தினார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மாற்றலாகிப் போனவரின் கோப்பை அடுத்து வந்தவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார், அதனால் இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே பொறாமை. 2001இல் புதிய மரபணு சோதனையில் அந்த எச்சில் உடல்களில் கிடைத்த தடயத்தோடு பொருந்தியது, நவம்பர் 30 அன்று வேலை முடிந்து வெளியே வந்தவனைக் கைது செய்தார்கள். அதற்குள் ரைக்கர்ட் அந்தப் போலீஸுக்கே தலைவராக, ஷெரிஃபாகவே ஆகியிருந்தார்.

2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். புதைத்த இடங்களைக் காட்டினால் மரண தண்டனை கேட்பதில்லை என்று ஒப்பந்தம். பலருக்குக் கோபம். சரியான பேரம்தான் என்று நினைக்கிறேன், தூக்கில் போட்டிருந்தால் பல குடும்பங்களுக்கு எலும்புகூடக் கிடைத்திருக்காது.

இந்த வேலையிலிருந்துதான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டு கேட்கும் வேலைக்குப் போனார். குடியரசுக் கட்சிக்காரர், ஆனால் தொகுதியில் இரண்டு கட்சிக்கும் பாதிக்குப் பாதி ஆதரவு, சபையில் அவர் போடும் ஒவ்வொரு ஓட்டுக்கும் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார்கள். 2009இல் கரியமில உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதாவை ஆதரித்த 8 குடியரசுக் கட்சியினரில் இவரும் ஒருவர். 2010இல் ஓரினச் சேர்க்கையாளர்கள் படையில் வெளிப்படையாகப் பணியாற்றத் தடையாக இருந்த சட்டத்தை நீக்கவும் கட்சியை மீறி ஓட்டுப் போட்டார். கொள்கையா, தொகுதிக் கணக்கா என்று கேட்டால் இரண்டும் இருந்திருக்கும் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அங்கேயும் அந்தப் பழைய பொறுமை ஓரிடத்தில் தெரிகிறது. தன் மாநிலத்தின் ஆல்பைன் லேக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியை விரிவாக்கும் மசோதாவை 2007இல் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை, அடுத்தடுத்த சபைகளிலும் விடாமல் கொண்டுவந்தார், கடைசியில் 2014 டிசம்பரில் ராணுவச் செலவுச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிறைவேறியது. காட்டுக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது, அங்கே வேலை அப்படித்தான் நடக்கிறது. 2018 தேர்தலில் அவர் நிற்கவில்லை. 2024இல் ஆளுநர் பதவிக்கு நின்று ஜனநாயகக் கட்சியின் பாப் ஃபெர்குசனிடம் தோற்றார்.