குன்னூர் வாசலும் சென்னை மொட்டைமாடியும்

குன்னூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில், முன்பு குடியிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன, வெள்ளையாகப் பூக்கும் ஐஸ்பெர்க் ரக ரோஜா ஒன்று நின்றது. காய்ந்த பூவைக் கிள்ளிப்போட்டதைத் தவிர நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதுபாட்டுக்குக் கொத்துக் கொத்தாகப் பூத்தது. எனக்கும் ரோஜா வளர்க்கத் தெரியும் என்று நம்பிவிட்டேன்.

அங்கே தொல்லை முழுக்க ஈரத்தால்தான். மூடுபனி நாட்களில் இலை காயவே காயாது. கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிரும். தொடர்மழையில் மொட்டு விரியாமல் அப்படியே அழுகும். செடியின் நடுவில் காற்றுப் போகும்படி கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வேன், தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுவேன். குளிர்காலத்தில் மொட்டில் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். முதல் வருடம் வேறு ரகம் கலந்துவிட்டதோ என்று நினைத்தேன். குளிரில் அது அப்படித்தான் வருமாம்.

பிறகு சென்னைக்கு மாறினோம். ஆசையாக இரண்டு ஐஸ்பெர்க் ஒட்டுச்செடிகள் வாங்கி மொட்டைமாடியில் வைத்தேன். ஒன்று மே மாதத்தைத் தாண்டவில்லை.

குன்னூர்ப் பழக்கம்தான் அதைக் கொன்றது. இலையில் தண்ணீர் படக்கூடாது என்று கவனமாக இருந்தேன். காய்ந்த வெயிலில் இலையின் அடிப்புறத்தில், சாறு உறிஞ்சும் பொடிப் பேனான செம்பேன் குடியேறி, இலையெல்லாம் புழுதி படிந்தாற்போல் வெளுத்தது. இங்கே காலையில் இலையின் அடிப்புறம் நனைய வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். அடுத்தது, தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக். மதியம் மூன்று மணிக்கு மண்ணில் விரல் வைத்தால் சுட்டது. போர் தண்ணீரின் உப்பு வேறு, மண்மேல் வெள்ளையாகப் பூத்து இலை ஓரத்தைக் கருக்கியது.

மிஞ்சியதை அகலமான மண்தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம் வைத்தேன். மேலே பச்சை நிழல்வலை, மண்ணில் காய்ந்த இலை மூடாக்கு. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன். தீர்ந்தபோது குடிக்கிற தண்ணீரையே கொடுத்தேன். (வீட்டில் பேச்சு வாங்கினேன், அது தனிக்கதை.)

ஆனாலும் ஒரு சறுக்கல். அக்டோபரில் கவாத்து என்று படித்ததை நம்பி வெட்டினேன். ஒரே வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வெட்டிய நுனிகள் கறுத்துக் கீழே கீழே காய்ந்தன. இப்போதெல்லாம் மழை ஓய்ந்த பிறகு டிசம்பரில்தான் கத்தரியைத் தொடுகிறேன். ஜனவரி கடைசியில் பூக்கிறது.

ஐஸ்பெர்க், ரோஜா ரகங்களை உருவாக்கும் ஜெர்மனியின் கோர்டெஸ் குடும்பம் 1958இல் வெளியிட்ட ரகம். அங்கே இதற்குப் பெயர் ஷ்னீவிட்சென், கதையில் வரும் பனிவெள்ளைப் பெண். பனிநாட்டுச் செடி வெயிலுக்கு ஆகாது என்று என் தவறுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வீடு வேலி ஓரமாக இதைத்தான் வைக்கிறார்கள், அங்கேயும் கோடையில் நாற்பது டிகிரி தொடும்.

சென்னைப் பூ குன்னூர்ப் பூவைவிடச் சிறியது, இதழும் சீக்கிரம் கொட்டிவிடும். ஆனால் சுத்த வெள்ளை, இளஞ்சிவப்பு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பூக்கவே விடுவதில்லை. செடி தாக்குப்பிடிக்கட்டும் என்று மொட்டைக் கிள்ளிவிடுகிறேன். போன வாரம் நான்கு கிள்ளினேன். அதை எடுத்துப்போய் மாமியார் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு பாடு?" என்றார்.