76 கிலோவுக்குள்

போட்டிக்குப் பத்து நாட்கள் இருக்கும்போதுதான் விதிகளை முழுதாக வாசித்தேன். வாசித்திருக்காவிட்டால் இன்னும் பத்து நாட்கள் நிம்மதியாக இருந்திருப்பேன். ஜியு ஜிட்சு என்ற இந்த மல்லுக்கட்டு விளையாட்டில் உடம்பை மட்டும் நிறுப்பதில்லை. கி எனப்படும் தடித்த பருத்தி உடையை அணிந்து, பட்டியும் கட்டிக்கொண்டு தராசில் ஏற வேண்டும். ஒரே ஒரு முறைதான் ஏறலாம். கூடினால் ஆட்டம் இல்லை.

நான் பெயர் கொடுத்திருந்தது 76 கிலோ பிரிவுக்கு. சந்தியிலுள்ள பாமசித் தராசில் சாரத்தோடு ஏறினால் 75.5 காட்டியது. என் கி காய்ந்திருக்கும்போதே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். தராசு சரிதானா என்று பாமசிக்காரரிடம் கேட்டேன்.

"கூட்டிக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் வருகிறார்கள் தம்பி. குறைத்துக் காட்டுகிறது என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை" என்றார்.

மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் ஆறு பேர் பழகுகிறோம். சொல்லித் தருபவர் அபுதாபியில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஓர் அண்ணா, வெள்ளைக்கு அடுத்த படியான நீலப் பட்டிக்காரர். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே இதைக் கற்பிக்கிறார்கள். இங்கே, "கராத்தேயா?" என்பதுதான் முதல் கேள்வி. அடி, உதை கிடையாது என்றால், "அடியில்லாமல் என்ன சண்டை?" என்பது இரண்டாவது. ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் தொடங்கிய ஜூடோவை, அவருடைய வழியில் வந்த மிட்சுயோ மாயெடா 1914இல் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்; அங்கே கிரேசி குடும்பத்தார் தரையில் கிடந்தபடி மல்லுக்கட்டும் பக்கத்தை வளர்த்தெடுத்தார்கள் என்று நான் விளக்கத் தொடங்குவேன். பிரேசில் வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார். இப்போதெல்லாம் "கராத்தே மாதிரித்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.

எடைக்கு வருகிறேன். மட்டக்களப்பில் உடம்பைக் குறைக்க நினைப்பவனுக்கு முதல் எதிராளி சட்டித் தயிர். இராச்சாப்பாட்டில் பிட்டை விட்டுவிட்டேன், அம்மா பொறுத்துக்கொண்டார். தயிர் வேண்டாம் என்றதும் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "சண்டைக்குப் போகிறவன் பட்டினி கிடந்தா போவான் மனே?" வாக்குவாதம் செய்து வெல்லக்கூடிய ஆளில்லை அவர். தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்றவைக்கலாம் என்று கூடப் பழகும் ஒருவர் யோசனை சொன்னார். அது முந்தைய நாளே எடை பார்க்கும் விளையாட்டுகளுக்குச் சரி. இதில் ஆட்டத்துக்குச் சற்று முன்னர்தான் நிறுக்கிறார்கள். வற்றலாகப் போனால் வற்றலாகவேதான் மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்த தொல்லை மழை. கார்த்திகை மாதம். வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் சாரமே இரண்டு நாளைக்குக் காயாது; கியின் கழுத்து விளிம்போ கயிறு மாதிரித் தடித்தது. ஈரக் கி என்றால் இன்னும் அரைக் கிலோ. கடைசி வாரம் அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்தது. அதன் கீழேதான் அம்மா தினமும் மீன் பொரித்தார்.

கொழும்புக்கு இரவு ரயில். கியை யன்னலோரக் கொளுவியில் விரித்துப் போட்டுவிட்டு உறங்காமல் காவலிருந்தேன். விடியும்போது எதிர் ஆசனத்து ஐயா, "தம்பி சமையல் வேலைக்கா போகிறீர்கள்?" என்று கேட்டார். வெள்ளை உடையும் வாசமும் அவரை அப்படி நினைக்க வைத்திருக்கும்.

மண்டபத்தில் முதலில் உடைப் பரிசோதனை. கையை நேரே நீட்டச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து சட்டைக்கை எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்தார்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் ஏறக் கூடாது. நகங்களைப் பார்த்தார்கள். பிறகு தராசு. கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். 75.8.

அன்றைக்கு நான் வென்றது அது ஒன்றுதான்.

தொடக்கப் படியான வெள்ளைப் பட்டிக்கு ஆட்டம் ஐந்து நிமிடம். எதிராளி கொழும்புச் சிங்களப் பையன், பத்து வயதாவது இளையவன். கைகொடுத்துக்கொண்டோம். நடுவர் "கொம்பாத்தே" என்றார். ஆரம்பக் குரல் இன்றும் போர்த்துக்கேயத்தில்தான். என் கழுத்து விளிம்பைப் பற்றியதும் பையனின் மூக்கு ஒரு கணம் சுருங்கியதைக் கண்டேன். மறுகணம் அவன் கீழே உட்கார்ந்து என் இடுப்பைக் கால்களால் கவ்விவிட்டான். கார்ட் என்பது இதுதான்: கீழே கிடப்பவன் தோற்றவன் போலத் தெரிவான், ஆனால் கடிவாளம் அவன் கையில் இருக்கும். எழும்பப் பார்த்தேன், புரட்டினான், 2 புள்ளி. என் கால்களைக் கடந்து பக்கவாட்டில் அமுக்கினான், 3. நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்தான், 4. ஒவ்வொரு நிலையையும் மூன்று விநாடி தக்கவைத்தால்தான் புள்ளி. அந்த மூன்று விநாடியும் அவனுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

ஒன்பதுக்கு பூச்சியம். "தம்பி, மூச்சு விடு!" என்று அண்ணா ஓரத்திலிருந்து கத்தியபோதுதான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. இடுப்பை உந்தி அவனைக் கவிழ்த்தேன். மேலே வந்துவிட்டேன்! எங்கள் பக்கம் கைதட்டல். பலகையைப் பார்த்தால் என் பக்கத்தில் இன்னும் பூச்சியம். கார்ட்டிலிருந்து புரட்டினால்தான் புள்ளி. நெஞ்சின்மேல் இருப்பவனைக் கவிழ்த்து அவன் கார்ட்டுக்குள் போய் விழுந்தால் அது தப்பித்தல் மட்டுமே. இதையும் நான் வாசித்திருந்தேன். பலகையைப் பார்த்து நின்ற அந்த நேரத்துக்குள் அவனுடைய கால்கள் என் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து முக்கோணமாகப் பூட்டின. காதுக்குள் கடலிரைச்சல் கேட்டது. தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினேன்.

வெளியே வந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தால் மூடியைத் திறக்க முடியவில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் கல். முதல் நிமிடத்திலேயே அவனுடைய துணியை இறுக்கிப் பிடித்துப் பலத்தையெல்லாம் கொட்டியிருக்கிறேன். மூடியைத் திறந்து தந்தது என்னைத் தோற்கடித்த பையன்தான்.

எங்கள் பிரிவில் மொத்தமே மூன்று பேர். அப்படியென்றால் முதல் ஆட்டத்தில் தோற்றவர் மூன்றாமவரோடு மோத வேண்டும். அதில் வென்றால் இறுதி ஆட்டம். அரைமணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். இம்முறை துணியை லேசாகவே பிடித்தேன். அவர் முன்காலை வைத்ததும் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிய நாள் நினைவு கைக்கு வந்துவிட்டது. குனிந்து கணுக்காலை வாரினேன், விழுந்தார். 2 புள்ளி. என் பெயருக்கு நேரே 2! அதை எவ்வளவு நேரம் ரசித்தேன் என்று தெரியாது, அவரும் புரட்டி 2 எடுத்துவிட்டார். கடைசி நிமிடத்தில் என் முழங்கையை ஏறக்குறையப் பூட்டிவிட்டார், உருவிக்கொண்டேன். புள்ளி சமமாக இருந்தால் இப்படி நூலிழையில் தவறிய முயற்சிக்குக் கொடுக்கும் அட்வான்டேஜைப் பார்ப்பார்கள். அது அவரிடம் ஒன்று, என்னிடம் இல்லை.

மூன்று பேர் பிரிவில் மூன்றாமிடத்துக்கும் வெண்கலம் உண்டு. மேடையில் ஏற்றிக் கழுத்தில் போட்டார்கள்.

ஊருக்கு வந்தபோதும் மழை விடவில்லை. அம்மா பதக்கத்தைச் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, அயலுக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். பாமசியைக் கடக்கும்போது, "தம்பி, கொழும்பில் மூன்றாமிடமாமே!" என்று பாமசிக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். எத்தனை பேரில் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றிரவு ஒரு சட்டித் தயிரைத் தனியாளாக முடித்தேன். கி அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.